ஹிப்பிகளின் பேருந்து எங்கே போய்ச் சேர்ந்தது?

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

ஹிப்பி என்றதும் நம் ஊரில் என்ன ஞாபகம் வரும்? தோள் வரை தொங்கும் முடி, பெல்பாட்டம், கழுத்தில் பாசிமணி, கையில் கஞ்சா. 70-களில் முடி வெட்டாமல் பள்ளிக்கூடம் வந்த பையனைப் பார்த்து "என்னடா, ஹிப்பியா நீ?" என்று கேட்காத வாத்தியார் கிடையாது. நானும் அந்தக் கேள்வியை வாங்கியவன்தான். அதே சமயத்தில், 1971-ல், தேவ் ஆனந்த் எடுத்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' வந்தது. காத்மாண்டுவில் புகைத்துக்கொண்டு கிடக்கும் வெள்ளைக்கார இளைஞர்கள்தான் ஹிப்பிகள் என்று இந்தியா முழுக்க மனதில் பதிந்துவிட்டது.

அது பொய்யில்லை. ஆனால் பாதிக் கதை. மீதிப் பாதியில் சோறு இருக்கிறது, மருந்து இருக்கிறது, ஒரு பழைய பேருந்துப் பயணம் இருக்கிறது. அந்தப் பயணம் போன வழியைத் தொடர்ந்து போனால் கடைசியில் நம் மதுரைக்கு வந்து சேருகிறோம். அந்தப் பாதியைத்தான் இன்றைக்கு எழுத நினைக்கிறேன்.

முதலில், இவர்கள் ஏன் முளைத்தார்கள்? இரண்டாம் உலகப் போர் முடிந்து அமெரிக்கா செழித்துக் கொழித்த காலத்தில் பிறந்த பிள்ளைகள் இவர்கள். வீடு, கார், டெலிவிஷன், குளிர்பதனப் பெட்டி எல்லாம் இருந்தது. ஆனால் 18 வயது முடிந்த பையனுக்கு வீட்டுக் கதவைத் தட்டி ராணுவ அழைப்பும் வந்தது. 1968-ல் வியட்நாமில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் இருந்தார்கள். போர் முடிவதற்குள் 58,000 அமெரிக்கர்கள் செத்தார்கள். வியட்நாம் மக்கள் செத்தது லட்சக்கணக்கில். தன்னை ஒன்றும் செய்யாத ஒரு விவசாயியை, பார்த்தே இராத ஒரு நாட்டில் போய் நான் ஏன் சுட வேண்டும் என்று ஒரு தலைமுறை கேட்டது. இந்தப் போரை நடத்துகிற சமூகம் எனக்குக் கொடுக்கிற வேலையும் சம்பளமும் மட்டும் எப்படி நல்லதாக இருக்கும் என்பது அடுத்த கேள்வி. ஹிப்பி இயக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. முடி வளர்த்தது அதற்கு அப்புறம் வந்த சமாச்சாரம்.

இடம் சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் ஹைட்-ஆஷ்பரி. இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடம், அதையே பேட்டையின் பெயராக வைத்துவிட்டார்கள். பழைய மரவீடுகள், வாடகை மலிவு. 1965 வாக்கில் அங்கே பாட்டுக்காரர்களும் கவிஞர்களும் படிப்பை விட்ட மாணவர்களும் குடியேறினார்கள். ஹிப்பி என்ற பெயரை அவர்கள் தாங்களாக வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஊர்ப் பத்திரிகைகள் வைத்து ஊர் முழுக்கப் பரப்பின.

அந்தப் பேட்டையில் 1966-ல் ஒரு சிறு கூட்டம் கிளம்பியது. பெயர் டிக்கர்ஸ், அதாவது தோண்டுகிறவர்கள். பெரும்பாலும் தெரு நாடகக்காரர்கள். எம்மெட் குரோகன், பீட்டர் பெர்க், பிற்காலத்தில் ஹாலிவுட்டில் நடிகராகப் பெயரெடுத்த பீட்டர் கொயோட்டி ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். பெயரை இங்கிலாந்து வரலாற்றிலிருந்து எடுத்தார்கள். 1649-ல், மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட அதே ஆண்டில், ஜெரார்ட் வின்ஸ்டன்லி என்பவரும் கூட்டாளிகளும் சரே மாவட்டத்தில் ஒரு பொதுக் குன்றில் ஏறி மண்ணைக் கொத்திக் காய்கறி பயிரிட்டார்கள். பூமி எல்லோருக்கும் பொது என்பது அவர்கள் வாதம். நிலக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். 300 வருஷம் கழித்து அமெரிக்காவில் நாலு நாடகக்காரர்கள் அந்தப் பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள் பாருங்கள், அதற்கே அவர்களை எனக்குப் பிடிக்கும். வரலாறு படித்தவன் எங்கேயாவது ஓர் இடத்தில் அதைப் பயன்படுத்துவான்.

இவர்கள் செய்த வேலை எளிமையானது. சந்தையில் மிஞ்சும் காய்கறியையும் இறைச்சியையும் கேட்டு வாங்கி வருவது, பெரிய பாத்திரங்களில் கொதிக்கவைப்பது, மாலை 4 மணிக்குப் பூங்காவுக்குக் கொண்டு போய் யார் வந்தாலும் ஊற்றுவது. காசு கிடையாது. பெயர் கேட்பது கிடையாது, உபதேசம் கிடையாது. பக்கத்தில் மஞ்சள் வண்ணம் அடித்த ஒரு பெரிய மரச்சட்டம் நிற்கும். கதவு இல்லாத நிலைபோல. அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் போய்த்தான் சாப்பாடு வாங்க வேண்டும். அந்தச் சட்டத்துக்குள் புகுந்தால் நீ வேறு கணக்கு நடக்கும் உலகத்துக்குள் வருகிறாய், இங்கே விலை கிடையாது என்று அர்த்தம். நாடகக்காரர்கள் அல்லவா, சோறு போடுவதிலும் ஒரு காட்சி வைத்தார்கள்.

அடுத்து இலவசக் கடை திறந்தார்கள். துணிமணி, செருப்பு, சாமான் எல்லாம் இருக்கும், எதற்கும் விலைச்சீட்டு இருக்காது. வேண்டியதை எடு, உன்னிடம் அதிகம் இருப்பதை வை. காலி காப்பி டப்பாவையே அச்சாக வைத்து முழுக் கோதுமை ரொட்டி சுட்டுக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நியாயம் ஆகாது. பெயர் வாங்கியது ஆண்கள். காய்கறி மூட்டை தூக்கி வந்து, நறுக்கி, கிண்டி, பாத்திரம் கழுவியது பெரும்பாலும் அந்தக் கூட்டத்துப் பெண்கள். உலகத்தையே மாற்றப் புறப்பட்டவர்கள் அடுப்பங்கரையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். பின்னால் அமெரிக்காவில் எழுந்த பெண்ணுரிமை இயக்கத்தில் சேர்ந்த பலருக்கு இந்த அனுபவமும் ஒரு பாடம்.

1967 கோடை. பத்திரிகையும் டெலிவிஷனும் சும்மா இருக்குமா? நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் அந்தப் பேட்டைக்குக் கிளம்பினார்கள். அந்த ஒரு பருவத்தில் சுமார் 1 லட்சம் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். 16, 17 வயதுப் பிள்ளைகள். தங்க இடமில்லை, கையில் காசில்லை. பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு மஞ்சள்காமாலையும் பால்வினை நோயும் போதை மருந்தால் வந்த புத்தித் தடுமாற்றமும்தான் கிடைத்தன. நகராட்சி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

அப்போது டேவிட் ஸ்மித் என்ற 28 வயது டாக்டர் ஜூன் 7 அன்று கிளேட்டன் தெருவில் இலவச மருத்துவமனை ஒன்றைத் திறந்தார். மருத்துவம் என்பது காசுள்ளவனுக்குக் கிடைக்கும் சலுகை இல்லை, எல்லோருக்கும் உரிமை என்பதுதான் அதன் கொள்கை. போதையில் விழுந்த பிள்ளையைப் போலீஸிடம் பிடித்துக் கொடுக்காமல் நோயாளியாக நடத்தியதுதான் அங்கே நடந்த பெரிய விஷயம். போதை அடிமைத்தனம் ஒரு நோய் என்று இன்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள். அன்றைக்கு அப்படிச் சொல்ல ஆள் குறைவு. இதைப் பார்த்து அமெரிக்காவின் பல ஊர்களில் இலவச மருத்துவமனைகள் முளைத்தன.

அந்த வருஷம் அக்டோபர் 6-ல் டிக்கர்களும் நண்பர்களும் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஊர்வலம் போனார்கள். ஹிப்பி செத்துவிட்டான், இனி இங்கே வராதீர்கள், அவரவர் ஊரிலேயே ஏதாவது செய்யுங்கள் என்று அறிவித்தார்கள். தங்கள் இயக்கத்துக்குத் தாங்களே பாடை கட்டியவர்கள் வரலாற்றில் ரொம்பக் குறைவு. நம் கட்சிகளை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சவப்பெட்டி போனாலும் ஆசை போகவில்லை. 1969 ஆகஸ்ட் 15. நாம் சுதந்திர தினத்துக்கு மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில், நியூயார்க் மாநிலத்தில் பெத்தெல் என்ற சிற்றூரில், மேக்ஸ் யாஸ்கர் என்ற பால்பண்ணைக்காரரின் நிலத்தில் வுட்ஸ்டாக் இசைவிழா தொடங்கியது. 4 லட்சம் பேர் கூடிவிட்டார்கள். வேலி சாய்ந்தது, டிக்கெட் வசூலிப்பதை விட்டுவிட்டார்கள். சாலைகள் அடைபட்டன, பாடகர்களையே ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

அந்த மேடையில் கூட்டத்துக்கு ஆசி சொன்னவர் யார் தெரியுமா? கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்த ராமசாமி. ரிஷிகேஷ் சிவானந்தரிடம் தீட்சை வாங்கி சுவாமி சச்சிதானந்தா ஆகி, இலங்கையில் சில காலம் ஆசிரமப் பணி செய்து, 1966-ல் அமெரிக்கா போனவர். வெள்ளைத் தாடியும் காவியுமாக மேடையில் உட்கார்ந்து, அத்தனை பேரும் அமைதியாக இருக்கும்படி பேசினார். கொங்கு நாட்டுக்காரர் ஒருவர் அங்கே போய் உட்கார்ந்தது நமக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்த ஆள் அவர் இல்லை, மேடைக்குப் பின்னால் சமையல் செய்தவர்.

அவர் பெயர் ஹியூ ராம்னி. இரண்டு வாரம் கழித்து டெக்சாஸில் நடந்த இன்னொரு இசைவிழாவில் புளூஸ் பாடகர் பி.பி.கிங் விளையாட்டாக 'வேவி கிரேவி' என்று கூப்பிட, அதையே பெயராக வைத்துக்கொண்டார். நெளிநெளியான குழம்பு என்று தமிழில் சொல்லலாம்! அவருடைய கூட்டத்துக்கு ஹாக் பார்ம், அதாவது பன்றிப் பண்ணை என்று பெயர். கலிபோர்னியாவில் ஒரு பன்றிப் பண்ணையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தவர்கள் என்பதால் வந்த பெயர். வுட்ஸ்டாக்கில் ஒழுங்கு பார்க்கவும் சாப்பாடு போடவும் இவர்களை அமர்த்தியிருந்தார்கள். உடைத்த கோதுமையும் காய்கறியும் போட்டுக் கிண்டி, ஓட்ஸை வறுத்து, காகிதக் குவளைகளில் பாயில் படுத்துக் கிடந்தவர்களுக்கே கொண்டு போய்க் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. யூத சமூகக் கூடத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாண்ட்விச் செய்துகொடுக்க, கிறிஸ்தவக் கன்னியாஸ்திரீகள் அதைக் கொண்டு போய் வினியோகித்தார்கள்.

போதையில் பயந்து அலறும் பிள்ளைகளுக்கென்று ஒரு கூடாரம் போட்டிருந்தார்கள். ஊசி குத்திப் படுக்கவைப்பதற்குப் பதிலாகப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். தெளிந்து எழுந்ததும், "அதோ வாசலில் ஒருவன் வருகிறான் பார், மூன்று மணி நேரத்துக்கு முன்னால் நீ இருந்த மாதிரி இருக்கிறான். இப்போது நீதான் அவனுக்கு டாக்டர்" என்கிற பாணியில் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்கள். 35 வருஷம் வகுப்பறையில் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல கல்விமுறை எனக்குத் தெரிந்து இல்லை. நேற்றுக் கணக்குப் புரிந்த பையனை இன்று புரியாதவன் பக்கத்தில் உட்கார வைத்தால் இருவருமே தேறிவிடுவார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 6-ல் கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் என்ற இடத்தில் நடந்த இலவச இசைவிழாவில் காவலுக்கு நின்ற மோட்டார் சைக்கிள் கும்பல் ஒருவரைக் குத்திக் கொன்றது. அன்பு, சமாதானம் எல்லாம் அவ்வளவுதானா என்று பத்திரிகைகள் எழுதின. ஹெராயின் பலரைத் தின்றது. 'கனவு முடிந்தது' என்று பெரும்பாலான புத்தகங்கள் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடும்.

ஆனால் பன்றிப் பண்ணைக்காரர்கள் பேருந்தைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள்.

1970 நவம்பர் 12. கிழக்கு பாகிஸ்தானின் போலா தீவையும் சுற்றுக் கடற்கரையையும் பெரும்புயல் அடித்தது. குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். ஒரு சினிமா படப்பிடிப்புக்காக இங்கிலாந்து வரை வந்திருந்த வேவி கிரேவியும் கூட்டாளிகளும் பழைய பேருந்துகளைப் பிடித்து உணவும் மருந்தும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். தாங்கள் கொண்டு போவது கடலில் கரைத்த பெருங்காயம் என்று அவர்களுக்கே தெரியும். கிறுக்குப் பிடித்த ஹிப்பிகளே சோறு கொண்டுவரும்போது நாம் சும்மா இருக்கிறோமே என்று அரசாங்கங்களுக்கு வெட்கம் வராதா என்பதுதான் அவர்கள் கணக்கு. கூட வந்தவர்களில் லாரி பிரில்லியன்ட் என்ற 26 வயது இளம் டாக்டரும் அவர் மனைவியும் இருந்தார்கள்.

ஐரோப்பா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், கைபர் கணவாய், பாகிஸ்தான், இந்தியா. அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான ஹிப்பிகள் வந்த தரைவழி அது. இன்றைக்கு அந்த வழியில் ஒரு பேருந்து போக முடியுமா, யோசித்துப் பாருங்கள். 1979-ல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் வந்து அந்தப் பாதை அடைபட்டுப் போனது.

போலாவுக்கு அவர்கள் போய்ச் சேரவே இல்லை. 1971-ல் வங்கதேசப் போர் மூண்டது, எல்லை மூடிக்கொண்டது. பேருந்தைத் திருப்பி நேபாளம் போனார்கள். கூட்டம் மெதுவாகக் கலைந்தது. லாரி பிரில்லியன்டும் மனைவியும் நைனிடால் பக்கத்தில் கைஞ்சி ஆசிரமத்தில் நீம் கரோலி பாபாவிடம் தங்கினார்கள். தியானம் செய்யலாம் என்று போனவரைப் பாபா உட்காரவிடவில்லை. நீ டாக்டர்தானே, போய் ஐ.நா.வில் சேர்ந்து பெரியம்மையை ஒழி என்று அனுப்பிவிட்டார். டெல்லி உலக சுகாதார நிறுவன அலுவலகத்தில் தாடியும் ஆசிரம உடையுமாக வந்து நின்றவரைத் திருப்பி அனுப்பினார்கள். திரும்ப வந்தார். திரும்ப அனுப்பினார்கள். இப்படிப் பல தடவை நடந்து, கடைசியில் அங்கே பெரியம்மை ஒழிப்புப் பணிக்குத் தலைமை தாங்கிய நிக்கோல் கிராசே என்ற பிரெஞ்சு அம்மையார் சேர்த்துக்கொண்டார். முதலில் அலுவலக எடுபிடி வேலைதான்.

பெரியம்மை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. என் வயதுக்காரர்கள் மேல்கையைப் பாருங்கள், அம்மை குத்திய வட்டத் தழும்பு இருக்கும். 1974-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 1,88,000 பேருக்குப் பெரியம்மை வந்தது. 31,000 பேர் இறந்தார்கள். டாட்டாநகர் ரயில் நிலையம் வழியாக நோய் நாடெங்கும் பரவுவதைக் கண்டுபிடித்து, டாட்டா கம்பெனி அதிகாரியின் வீட்டுக் கதவைத் தட்டி உதவி கேட்டவர்களில் இந்த ஹிப்பி டாக்டரும் ஒருவர். கம்பெனி ஆளும் வண்டியும் கொடுத்தது. ஊழியர்கள் வீடு வீடாகப் போய் நோயாளி படத்தைக் காட்டி, இப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். தகவல் சொன்னவர்களுக்கு வெகுமதி உண்டு, கடைசிக் கட்டத்தில் அது 1,000 ரூபாய் வரை போனது. ஒரு வீட்டில் நோய் கண்டால் சுற்றியுள்ள அத்தனை பேருக்கும் ஊசி. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. இதை ஹிப்பிகள் ஒழித்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழித்தது வெயிலில் நடந்த நம் சுகாதார ஊழியர்கள். ஆனால் பாசிமணியைக் கழற்றி வைத்துவிட்டு அவர்களோடு நடந்தவர்களில் ஒருவர் அந்தப் பேருந்திலிருந்து இறங்கியவர்.

உலகத்தில் கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசி ஆள் ரஹிமா பானு என்ற சின்னப் பெண்குழந்தை. 1975 அக்டோபரில் கண்டுபிடித்தார்கள். பிழைத்துக்கொண்டாள். அவள் ஊர் எது தெரியுமா? பேருந்து போய்ச் சேராத அதே போலா தீவு. லாரி பிரில்லியன்ட் அங்கே போய் அவளைப் பார்த்தார்.

1978-ல் லாரி, அவர் மனைவி, வேவி கிரேவி, ஹார்வர்டு பேராசிரியராக இருந்து சாமியாராக மாறிய ராம் தாஸ், நிக்கோல் கிராசே எல்லோரும் சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனம் ஆரம்பித்தார்கள். பெயர் 'சேவா'. நம் சேவைதான். பெரியம்மை முடிந்தது, அடுத்து எது என்று யோசித்தபோது தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பு என்று முடிவாயிற்று. ஹிப்பிப் பாட்டுக்காரர்கள் கச்சேரி நடத்திப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். ஆப்பிள் கம்பெனியை ஆரம்பித்திருந்த ஸ்டீவ் ஜாப்ஸ் 5,000 டாலர் அனுப்பினார். அவரும் பாபாவைப் பார்க்க இந்தியா வந்து, அவர் காலமான பிறகு வந்து சேர்ந்தவர்.

அந்த ஆரம்பக் கூட்டத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஜி.வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்து, முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அந்தக் கையாலேயே கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். 1976-ல் அரசுப் பணியில் ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஓய்வு பெற்ற பிறகு தொடங்கினார் என்பதை என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள் இன்னொரு முறை வாசிக்கவும். காசு கொடுக்க முடிந்தவர் கொடுப்பது, முடியாதவருக்கு இலவசம். ஆள் வேறு, வழி வேறு, ஆனால் பூங்காவில் நின்ற மஞ்சள் சட்டத்துக்குள் நுழைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் கண்புரை ஆபரேஷன் செய்தால் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு தடவித் தடவி நடப்பார்கள். கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒன்று 100 டாலருக்கும் மேலே. ஏழைகளுக்கு எப்படி வைப்பது? 1992-ல், சேவா அமைப்பின் உதவியோடு, மதுரையிலேயே ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை தொடங்கியது. விலை 10 டாலருக்கு இறங்கியது, பிறகு இன்னும் கீழே போனது. மதுரையில் செய்த லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. உழைப்பும் அறிவும் டாக்டரும் அவர் குடும்பமும் அந்தச் செவிலியர் பிள்ளைகளும் போட்டது. தோள் கொடுத்தவர்களில், போலீஸ்காரன் கோமாளியை அடிக்கத் தயங்குவான் என்பதற்காகக் கோமாளி வேஷத்திலேயே போர் எதிர்ப்பு ஊர்வலங்களுக்குப் போய்வந்த வேவி கிரேவியும் உண்டு.

கோவா, கோவளம், மாமல்லபுரம் என்று 70-களில் நம் பக்கம் வந்து தங்கிய ஹிப்பிகளைப் பார்த்தவர்கள், பேசியவர்கள், அவர்களுக்கு இட்லி விற்றவர்கள் யாராவது இங்கே இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். கஞ்சாக் கதையாக இருந்தாலும் பரவாயில்லை.